அரைப்புக்கூலி

விலையைப் பார்த்துத்தான் கடை மாறினேன்
என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
பொய்யில்லை.
சிகாகோ கிடங்கில் முளைகட்டிய பார்லி
மூட்டைக்குப் பதினொரு டாலர் குறைவு.
ஐம்பது டாலருக்கு மேல் வாங்கினால்
கூரியர் இலவசம்.
அந்த ஐம்பதை எட்டிப் பிடிப்பதற்காகவே
தேவையில்லாத வெப்பமானிகள் மூன்று
வாங்கி வைத்திருக்கிறேன்.
மூன்றும் மூன்று சூடு காட்டும்.

ஐலா நீமியின் கடையில்
அரைப்புக்கூலி தனி.
திங்கள் விடுமுறை, புதன் பாதி நாள்,
ஏரி உறைந்து மீன் பிடிக்கத் தோதாகிவிட்டால்
எந்த நாளும் விடுமுறை.
ஹாப்ஸ் பைகளின் மேல் தேதியைப்
பென்சிலால் எழுதி வைத்திருப்பாள்.
பழசாகிவிட்டால் அவளே தடுப்பாள்:
"இது வேண்டாம்,
நாள்பட்ட காலுறை மாதிரி நாறுகிறது."
விற்கத் தெரியாதவள் என்று
ஊரில் பேச்சு.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இந்தச் சின்ன ஊரில்
வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பதினேழு பேர்.
ஆளுக்கொரு நியாயம்.
பல் மருத்துவர் ஹார்லன்
கடல் தாண்டி வந்த மால்ட்டைத் தவிர
எதையும் தொடமாட்டார்.
பாலத்துக்கு அந்தப் பக்கத்து டுவேன்
மளிகைக்கடை ரொட்டி ஈஸ்ட்டைத் தூவி
அதையும் குடித்துவிட்டுச் சிரிப்பான்.
விடியுமுன் பனி தள்ளப் போகிற எனக்கு
நள்ளிரவிலும் ஆர்டர் எடுக்கிற கடை வேண்டும்
என்று இன்னொரு காரணமும் கைவசம் வைத்திருந்தேன்.

உண்மை இதுதான்:
ஐலா கேள்வி கேட்பாள்.
என்ன காய்ச்சுகிறாய்,
தண்ணீர் எங்கே பிடித்தாய்,
போன தடவை நுரை நின்றதா,
கோரின் ஏன் வரவில்லை.

கிடங்கு கேட்காது.
அதற்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டு எண்.
அது மாறியபோதும்
ஒரு வரியைத் திருத்தினால் போதுமாக இருந்தது.

ஜனவரியில் ஒரு நாள்
ஈஸ்ட் பொட்டலம் கல்லாக உறைந்து
வாசற்பனியில் கிடந்தது.
உள்ளே அடுப்பில்
கறுத்த பார்லிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது.
புகார் எழுதினேன்.
மூன்றே நிமிடத்தில் முழுப் பணமும் திரும்பி வந்தது,
மன்னிப்பும் சேர்த்து.
எதைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்று
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பானையை இறக்கி மூடிவைத்தேன்.
பலகை மாட்டிய பிக்கப்பை எடுத்துக்கொண்டு
வழியெல்லாம் பனியைத் தள்ளியபடி போனேன்.
யாரும் கூலி தராத வேலை.
அன்று ஊரிலேயே முதலில் சுத்தமானது
ஐலாவின் கடைத்தெரு.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
குளிர்பெட்டியிலிருந்து ஈஸ்ட்டை எடுத்துத்
தன் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்,
நான் கிளம்புவதற்குள் கொஞ்சம் குளிர் விடட்டும் என்று.
அப்படியே நின்று பில் போட்டாள்.
"அடுத்த தடவைக்குப் பார்லி?"
"பத்து ராத்தல், எப்போதும் போல."
தராசில் ஐந்துதான் கொட்டினாள்.
"செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள்.
அதே கலவை, அதே ஹாப்ஸ்.
அவளும் பத்து என்றுதான் சொன்னாள்.
ஐந்துதான் கொடுத்தேன்."

பிறகு அரைவை இயந்திரத்தை ஓடவிட்டாள்.
எதிரில் நிற்பவர் பேசுவது
காதில் விழாத சத்தம் அதற்கு.
நல்லதாகப் போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது
பானை எவ்வளவு ஆறியிருக்கிறது என்பதில்
மூன்று வெப்பமானிகளும் சண்டையிட்டன.
விரலை விட்டுப் பார்த்து
ஈஸ்ட்டைச் சேர்த்தேன்.

மூட்டைக்குப் பதினொரு டாலர்
இப்போதும் அதிகம்தான்.
கூலி இரண்டு டாலர், தனி.
வியாழக்கிழமைகளில் போகிறேன்,
செவ்வாய்க்கு இரண்டு நாள் தள்ளி.

போன வாரம்
புதன்கிழமையே போய்விட்டேன்.
பாதி நாள்தான் திறந்திருந்தது.